கோர்வைக்கு ஒரு கை

எங்கள் வீட்டுத் தறியில் கோர்வைப் புடவை ஏறுவது என் கல்லூரி விடுமுறையைப் பொறுத்த விஷயம். செமஸ்டர் தேர்வு அட்டவணை வந்துவிட்டது என்று போனில் சொன்னால் அப்பா கேட்பது ஒன்றைத்தான்: "எப்ப வர்ற பாப்பா? பாவுக்குச் சொல்லிடட்டுமா?"

நான் சென்னையில் பி.காம். கடைசி வருஷம் படிக்கிறேன். வீடு காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில். கைலாசநாதர் கோயிலுக்குப் போகிறவர்களில் பலர் எங்கள் பக்கத்துத் தெருக்களைத் தாண்டித்தான் போவார்கள். அப்பா நெய்கிறார், அம்மா தார் சுற்றுகிறார். நான் இன்ஸ்டாகிராமில் ஒரு பக்கம் வைத்து, எங்கள் தறியிலும் தெருவில் இன்னும் சில தறிகளிலும் நெய்த புடவைகளை விற்கிறேன். ஹாஸ்டலில் இப்படிச் சின்னதாக வியாபாரம் செய்யும் பெண்கள் நிறைய இருக்கிறோம். ஒருத்தி மெஹந்தி கோன், ஒருத்தி நூல் வளையல், ஒருத்தி அவள் அம்மா வறுத்து இடித்துத் தரும் பொடி வகைகள். ராத்திரி சாப்பாடு முடிந்ததும் எல்லோரும் வரிசையாக உட்கார்ந்து பதில் போடுவோம், கணக்கு எழுதுவோம், பார்சல் கட்டுவோம். ஆனால் பட்டுப் புடவையைப் போனில் விற்பதில் உள்ள பாடு வேறு. அதைச் சொல்ல வேண்டுமென்றால் கோர்வையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

காஞ்சிப் புடவையில் உடல் ஒரு நிறமும் கரை வேறு நிறமுமாகப் பளிச்சென்று பிரிந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். சாதாரணமாக ஒரே நாடா புடவையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஓடும். உடலுக்குப் போடும் ஊடையே கரைக்குள்ளும் போவதால் கரையின் நிறத்தில் உடலின் சாயல் கலந்துவிடும். கோர்வையில் மூன்று நாடா. இந்தக் கரைக்கு ஒன்று, உடலுக்கு ஒன்று, அந்தக் கரைக்கு ஒன்று. உடலின் ஊடையும் கரையின் ஊடையும் சந்திக்கும் இடத்தில் ஒன்றையொன்று வளைத்துப் பிடித்துத் திரும்பும். அதனால்தான் அரக்குக் கரை அரக்காகவே நிற்கிறது, மாம்பழ மஞ்சள் உடல் மஞ்சளாகவே நிற்கிறது. புடவையைப் புரட்டிப் பின்பக்கம் விரல் வைத்தால் அந்தச் சேர்மானம் தட்டுப்படும். நெய்கிறவர் ஒரு கரையையும் உடலையும் பார்த்துக்கொள்வார். மறு கரையின் நாடாவைப் போட அவர் பக்கத்தில் இன்னொருவர் உட்கார வேண்டும், ஒவ்வொரு ஊடைக்கும், காலையிலிருந்து சாயங்காலம் வரை.

அந்த இன்னொருவர் பல பத்தாண்டுகளாக ஒரு குழந்தையாக இருந்தார். இதைச் சொல்லாமல் கோர்வையின் அழகைப் பற்றிப் பேசுவதை நான் விரும்புவதில்லை. பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்கு ஈடாகப் பிள்ளைகள் தறியில் உட்கார்ந்தார்கள். 1976இல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது, 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. அதற்குப் பிறகும், ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு இந்தியப் பட்டுத் தொழிலில் கொத்தடிமைக் குழந்தைகள் பற்றி 2003இல் வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் இருந்தது. என் அம்மா ஐந்தாம் வகுப்போடு நின்றவர். காரணம் அந்த மறு கரைதான். பிறகு பள்ளிக்கூடமும் சத்துணவும் அதிகாரிகளின் சோதனைகளும் தொண்டு அமைப்புகளும், எல்லாவற்றுக்கும் மேலாக அம்மா மாதிரியானவர்களின் பிடிவாதமும் சேர்ந்து பிள்ளைகளைத் தறியிலிருந்து எழுப்பிப் பள்ளிக்கு அனுப்பின. ஊருக்கு நடந்த நல்ல காரியங்களில் இதைத்தான் நான் முதலில் வைப்பேன்.

ஆனால் அந்த இடத்தில் வளர்ந்த ஆளை உட்காரவைத்து, அவருக்கு ஒரு முழுக் கூலி கொடுத்தால் என்ன விலை ஆகுமோ, அந்த விலை பல புடவைகளுக்குக் கிடைக்கவில்லை. பிள்ளையின் உழைப்பு மலிவாகக் கிடைத்த காலத்து விலைதான் வாங்குகிறவர்கள் மனதில் கோர்வைக்கு நியாய விலையாகப் பதிந்திருந்தது. கட்டுப்படியாகாமல் பல தறிகள் கோர்வையை விட்டன. எங்கள் தறியும் விட்டது. ஒரே நாடாவில் ஓடும் கரைக்கு மாறினார் அப்பா. கூலி குறைந்தது, ஆள் தேடும் தொல்லை இல்லை.

நான் கோர்வை போடக் கற்றுக்கொண்டது 2020இல், ஊரடங்கின்போது. அதற்குச் சில மாதம் முன்னால்தான் அப்பா ஒரு முதலாளியின் வற்புறுத்தலுக்காகக் கோர்வைப் பாவு ஒன்று ஏற்றியிருந்தார். ஐயம்பேட்டையிலிருந்து சைக்கிளில் வந்து மறு கரையில் உட்காரும் பெரியவரால் ஊரடங்கில் வர முடியவில்லை. பள்ளிக்கூடமும் இல்லை. நான் உட்கார்ந்தேன். அப்பா முதல் நாள் என்னிடம் சொன்னது, "அவசரப்படாத. நூல் அறுந்தா அறுந்துட்டுப் போவுது. இழுத்துப் பிடிக்காத." இழுத்துப் பிடித்தால் சேர்மானத்தில் துணி சுருங்கும், தொளதொளவென்று விட்டால் கண்ணி தொங்கும். கைக்கு அந்த இழுவை பிடிபட நெடுநாள் ஆனது.

அதே வருஷம்தான் ஆன்லைன் வகுப்புக்காக வீட்டுக்கு ஒரு நல்ல போன் வந்தது. 2020 ஜூன் கடைசியில் டிக்டாக்கைத் தடை செய்தார்கள், ஜூலையில் இன்ஸ்டாகிராம் இந்தியாவில் ரீல்ஸைக் கொண்டுவந்தது. கல்யாணங்கள் நின்றுபோய், முதலாளிகளின் அலமாரிகளில் புடவை தேங்கி, புதுப் பாவு கொடுப்பது குறைந்து, தெருவே வேலையில்லாமல் உட்கார்ந்திருந்த நேரம். அப்போதுதான் எங்கள் பக்கத்தில் பலர் வாட்ஸ்அப் குழு தொடங்கினார்கள், பக்கம் தொடங்கினார்கள். நானும் படம் எடுத்துப் பார்த்தேன். விற்க ஆரம்பித்தது கல்லூரிக்கு வந்த பிறகு.

வெளியூர்த் தோழிகள் என்னிடம் முதலில் கேட்பது, "உங்க அப்பாவே நெய்றாரே, அதையே எடுத்து விக்க வேண்டியதுதானே?" தறியில் இருக்கும் புடவை நெய்கிறவருக்குச் சொந்தமில்லை என்பது ஊருக்கு வெளியே அதிகம் பேருக்குத் தெரியாது. பட்டும் சரிகையும் டிசைன் அட்டையும் முதலாளி கொடுப்பது. கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினராக இருந்தால் சங்கம் கொடுப்பது. காமாட்சி அம்மன், முருகன், அறிஞர் அண்ணா என்ற பெயர்களில் எல்லாம் ஊரில் பட்டு நெசவாளர் சங்கங்கள் இருக்கின்றன. நெய்கிறவருக்கு வருவது கூலி. வீட்டுச் செலவுக்கோ கல்யாணத்துக்கோ வாங்கிய முன்பணம் இருந்தால் அதிலும் ஒரு பகுதி பிடித்தம் போகும். பிரியதர்ஷன் எடுத்து 2008இல் வந்த 'காஞ்சிவரம்' படத்தில் பிரகாஷ்ராஜ் நடித்த நெசவாளர், மகளுக்கு ஒரு பட்டுப் புடவை நெய்ய நூலைத் திருட வேண்டியிருந்தது. படம் சுதந்திரத்துக்கு முந்தைய காலத்தைப் பற்றியது. நெய்கிறவருக்கும் புடவைக்கும் உள்ள உறவில் அந்தச் சொந்தமின்மைதான் இன்றும் மிச்சமிருக்கிறது.

ஆகவே நான் முதலில் விற்றவை எங்கள் தெருவில் பாவு கொடுக்கும் ஒரு சின்ன முதலாளியின் புடவைகள். அவர் சொன்ன விலைக்கு மேல் ஒரு தொகை வைத்து விற்றேன். கையில் பணம் சேர்ந்தபோது, அம்மாவின் சீட்டுப் பணத்தையும் போட்டு, சொந்தப் பாவு ஒன்று ஏற்றினோம். ஒரு பாவில் வழக்கமாக மூன்று புடவை. பட்டு, சாயக்கூலி, சரிகை, பாவுக் கூலி, தார் கூலி என்று எழுதிக்கொண்டே வந்தபோது அப்பாவின் நெசவுக் கூலிக்கு எதிரே என்ன எழுதுவது என்று அவருக்கே தயக்கமாக இருந்தது. "வீட்டுத் தறிதானே, அதுக்கு எதுக்குக் கூலி?" என்றார். வெளியாளுக்கு நெய்தால் என்ன வாங்குவாரோ அதைவிடக் கூட்டித்தான் எழுதினேன். மறு கரைக்கு எனக்கும் ஒரு கூலி எழுதினேன். நான் வாங்கிக்கொள்வதற்காக இல்லை. என் இடத்தில் நாளைக்கு வேறொருவர் உட்கார்ந்தால் அந்தக் கூலி ஏற்கெனவே விலைக்குள் இருக்க வேண்டும். வகுப்பில் அடக்கவிலைக் கணக்கு சொல்லிக்கொடுக்கும்போதெல்லாம் அந்த நோட்டின் பக்கம்தான் எனக்கு ஞாபகம் வரும்.

நான் பக்கத்தில் விலையை வெளிப்படையாகப் போடுகிறேன். 'விலைக்கு இன்பாக்ஸ்' என்று எழுதும் பழக்கத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆளைப் பார்த்து விலை சொல்வதற்கு அது வசதியான வழி. விலைக்குக் கீழே நெசவுக் கூலி எவ்வளவு, எத்தனை பேர் கைபட்டது என்பதையும் எழுதுகிறேன். இதனால் சிலர் கோபப்பட்டார்கள், அதில் எங்கள் ஊர் வியாபாரிகளும் உண்டு. வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் அதைப் படித்த பிறகு பேரம் பேசுவதில்லை என்பது என் அனுபவம்.

நிறத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். போனில் புடவை விற்கும் எல்லோருக்கும் பெரிய தலைவலி அதுதான். கடையில் புடவையை விரித்து வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்க் காட்டுவார்கள். அந்த ஒரு காரியத்தைப் போனில் செய்ய முடியாது. வாடாமல்லி நிறம் கேமராவில் ரோஸாகிவிடும். அரக்கு, டியூப் லைட்டின் கீழ் பழுப்பாகிவிடும். வெங்காயச் சருகு நிறத்தை எந்த போனும் ஒழுங்காகக் காட்டி நான் பார்த்ததில்லை. மயில் கழுத்து இன்னும் கஷ்டம். பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம். துணி மடியும்போது நீலம், நிமிரும்போது பச்சை. ஒரு படத்தில் அதைப் பிடிக்க வழியே இல்லை. காஞ்சிபுரத்து முத்துச் செட்டியார் எம்.எஸ். சுப்புலட்சுமிக்காக உண்டாக்கிய 'எம்.எஸ். ப்ளூ' என்ற பெயரில் இன்று போனில் ஓடும் நீலங்களை வரிசையாக வைத்தால் வெளிர் நீலத்திலிருந்து கருநீலம் வரை எல்லாம் இருக்கும்.

நான் செய்வது இது. காலை வெயில் தெருவில் இறங்கும் முன், திண்ணை நிழலில் படம் எடுப்பேன். பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைப்பேன், அது படத்திலும் வெள்ளையாக விழுந்தால்தான் நிறம் சரி. பில்டர் கிடையாது, பிளாஷ் கிடையாது. பிளாஷ் போட்டால் நல்ல சரிகையும் தகரம் மாதிரி மின்னும். பிறகு அம்மா புடவையைத் தோளில் போட்டுக்கொண்டு நிழலிலிருந்து வெளிச்சத்துக்கு நடந்து வருவார், அது ஒரு சின்ன வீடியோ. இவ்வளவும் ஹாஸ்டல் அறையில் நடக்காது. வார இறுதியில் வீட்டுக்குப் போவது எனக்குப் பாதி வியாபாரம்.

மீதிப் பாதி, தறியில் என்ன நடக்கிறது என்று பார்ப்பது. சமூக ஊடகத்துக்குத் தினமும் ஏதாவது புதிதாக வேண்டும். தினமும் போடு, இல்லையென்றால் உன் பக்கத்தை யாருக்கும் காட்டமாட்டேன் என்கிறது. தறியோ ஒரு புடவைக்கு இரண்டு வாரம் வாங்கும், டிசைன் கனத்தால் இன்னும் கூட. இந்த இரண்டு வேகத்துக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிறவர்கள் எளிய வழியைத் தேடிப் போகிறார்கள்: பத்து இடங்களிலிருந்து மற்றவர்களின் படங்களை எடுத்துத் தினமும் போடுவது. ஒரே புடவையின் படம் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு, அவரிடமிருந்து மற்றொருவருக்கு என்று ரீசெல்லர் சங்கிலியில் போய்க்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு கையிலும் விலை ஏறுகிறது, நெய்தவரின் கூலி மட்டும் ஏறுவதில்லை. அதில் பலர் அந்தப் புடவையைத் தொட்டே பார்த்திருக்க மாட்டார்கள்.

நான் ஒரே பாவை ஒன்றரை மாதத்துக்கு எழுதுகிறேன். சாயத்திலிருந்து வந்த பட்டு, தெருவில் விடியற்காலையில் பாவை நீட்டிக் கஞ்சி தெளிக்கும் நேரம், பழைய பாவின் நுனியில் புதுப் பாவை இழை இழையாகப் பிணைக்கும் பெரியம்மா, அம்மாவின் தார், முதல் சாண் நெசவு, சரிகை விழுகிற முந்தி, கடைசியில் புடவை அறுக்கும் நாள். பார்க்கிறவர்கள் எண்ணிக்கை அதிகம் இல்லை. ஆனால் முதல் சாண் நெய்ததைப் பார்த்து, "இது எனக்கு" என்று சொல்லிவைப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் அவசரப்படுத்துவதில்லை. மழை பெய்தால் தெருவில் பாவு நீட்ட முடியாது, ஐப்பசி கார்த்திகையில் குழித்தறியில் ஈரம் ஊறும், அமாவாசையன்று எங்கள் வீட்டில் தறி ஓடாது. வைகாசியில் வரதர் கருட சேவை அன்றும் ஓடாது. இதையெல்லாம் எழுதினால் புரிந்துகொள்கிறார்கள். ஒரு அக்கா, மதுரையிலிருந்து வாங்குபவர், மழை நாளில் என்னிடம் புடவையைப் பற்றிக் கேட்கவில்லை. "தறிக்குள்ள தண்ணி வந்துடலையே?" என்று கேட்டார்.

அப்பாவைப் படம் எடுப்பது பற்றி வீட்டில் ஒரு பெரிய பேச்சே நடந்தது. தறியில் வெற்று மேனியோடு உட்கார்ந்திருக்கும் வயதானவர், சோகமான பாட்டு, 'அழிந்துவரும் கலை' என்ற எழுத்து — இந்த மாதிரி ரீல்ஸ் நிறைய ஓடுகிறது. அப்படி ஒன்றைப் பார்த்துவிட்டு அப்பா சொன்னார்: "எங்களப் பாத்துப் பரிதாபப்பட்டு வாங்கறதா இருந்தா வேணாம்மா. புடவை நல்லாருந்தா வாங்கட்டும்." அவர் சொன்னதுதான் சரி. நாற்பது வருஷம் ஒரு வேலையைச் செய்து, மயில்கண்ணும் ருத்ராட்சமும் தாழம்பூ ரேக்கும் கரையில் ஒரு இழை பிசகாமல் கொண்டுவருகிறவரை இரக்கத்துக்குரியவராகக் காட்டுவது அவமரியாதை. அன்றிலிருந்து எங்கள் வீடியோவில் கைகள் வரும், துணி வரும், அச்சுப் பலகையின் சத்தம் அப்படியே வரும். பாட்டு சேர்ப்பதில்லை. மற்ற தறிக்காரர்களின் பெயரைப் போடலாமா என்று அவரவரிடம் கேட்டுத்தான் போடுகிறேன். போடாதே என்றவர்களும் உண்டு. வெளியில் நெய்வது தெரிந்தால் முதலாளி அடுத்த பாவு கொடுப்பாரோ மாட்டாரோ என்ற பயம்.

இன்னொரு பயம் டிசைன் திருட்டு. எங்கள் எதிர்வீட்டு அண்ணன் ஒரு கரையைத் தானே வரைந்து, அட்டை அடித்து நெய்தார். படம் போட்டேன். அடுத்த சீசனிலேயே அதே கரை விசைத்தறித் துணியில், வேறு ஊரில், கால்வாசி விலைக்கு வந்துவிட்டது. 2000ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டப்படி புது டிசைனைப் பதிவுசெய்தால் பத்து வருஷம் பாதுகாப்பு உண்டு, மேலும் ஐந்து வருஷம் நீட்டிக்கலாம். ஆனால் வெளியிடுவதற்கு முன்பே பதிவுசெய்ய வேண்டும். தெருவில் யாருக்கு இது தெரியும்? சங்கங்களும் நெசவாளர் சேவை மையமும் இதை ஒரு வாடிக்கையான உதவியாகவே செய்து கொடுக்கலாம். இப்போது அவர் டிசைன்களில் கரையை முழுதாகக் காட்டுவதில்லை, ஒரு மூலையை மட்டும் காட்டுகிறேன்.

வாங்குகிறவர்கள் அதிகம் ஏமாறுவது முத்திரைகளில். சில்க் மார்க் 2004இல் மத்திய பட்டு வாரியத்தின் முயற்சியில் வந்தது. அது துணி சுத்தப் பட்டு என்று மட்டும் சொல்லும், கைத்தறியா விசைத்தறியா என்று சொல்லாது. கைத்தறி முத்திரை 2006இல் வந்தது, அது கைத்தறி என்பதற்குச் சான்று. காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2005இல். 'காஞ்சிபுரம்' என்ற பெயருக்கான காவல் அது. சில்க் மார்க் ஒன்றைக் காட்டிவிட்டு மூன்றும் இருப்பதுபோல் பேசுகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். 'காஞ்சி ஸ்டைல்', 'செமி காஞ்சிவரம்', 'காஞ்சி டைப் சாப்ட் சில்க்' என்பதெல்லாம் எங்கள் ஊர்த் தறிக்குச் சம்பந்தமில்லாதவையாகவே பெரும்பாலும் இருக்கும். விசைத்தறித் துணியை விசைத்தறி என்று சொல்லி விற்பதில் எனக்கு ஒரு சண்டையும் இல்லை; எல்லோராலும் கைத்தறிப் பட்டு வாங்க முடியாது. எங்கள் ஊர்ப் பெயரைச் சொல்லி விற்பதுதான் பொறுக்கவில்லை. 1985ஆம் ஆண்டுச் சட்டத்தில் பட்டுப் புடவை கைத்தறிக்கு ஒதுக்கப்பட்ட ரகம், புவிசார் குறியீட்டைப் பொய்யாகப் பயன்படுத்தினால் ஆறு மாதத்திலிருந்து மூன்று வருஷம் வரை சிறை என்றும் சட்டம் இருக்கிறது. போனுக்குள் நடக்கும் விற்பனையைப் பார்க்க ஆள்தான் இல்லை.

இதில் கல்லூரி மாணவர்களின் பங்கும் உண்டு, அதனால் எங்கள் வயதுக்காரர்களிடம் நேராகவே சொல்கிறேன். முதலீடு இல்லாத வியாபாரம் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, படத்தை மட்டும் வைத்துக்கொண்டு, பார்த்திராத புடவைக்கு 'சுத்தப் பட்டு, அசல் சரிகை' என்று எழுதுகிறீர்கள். நம்பி வாங்குகிறவர் பெரும்பாலும் தன் மகள் கல்யாணத்துக்கு வாங்குகிறார். ஒரு முறையாவது அந்தத் தறி இருக்கும் வீட்டுக்குப் போய்விட்டு வந்து எழுதுங்கள்.

எனக்கு அது சுலபம், வீடே அதுதான். சென்னையிலிருந்து பஸ் பூந்தமல்லி, இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம் வழியாக வரும். அந்தச் சாலை முழுக்கத் தொழிற்சாலைகள். 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் வந்தது, பிறகு போன், கண்ணாடி, உதிரிபாகம் என்று வரிசையாக வந்தன. என்னோடு பள்ளியில் படித்தவர்கள் பாதிப் பேர் அந்தக் கம்பெனிகளின் பஸ்ஸில் ஷிப்டுக்குப் போகிறார்கள். மாதம் பிறந்தால் சம்பளம், பி.எப்., மதியச் சாப்பாடு. தறியை விட்டுப் போனதற்காக அவர்களை யாரும் குறை சொல்லக் கூடாது. என் தம்பியும் தறியில் உட்கார மாட்டான், அப்பாவும் உட்காரவைக்க மாட்டார். தறி நிலைக்க வேண்டுமென்றால் ஒரு மாதத்து நெசவில் அந்தக் கம்பெனிச் சம்பளம் அளவுக்காவது வர வேண்டும். அதுவும் இரண்டு பேருக்கு, கோர்வையாக இருந்தால். புடவையின் விலையைப் பற்றிப் பேசும்போது என் மனதில் இருக்கும் அளவுகோல் இதுதான்.

போன் இதற்கு உதவுமா என்று கேட்டால், உதவும், ஓரளவு. வாங்குகிறவருக்கும் தறிக்கும் நடுவில் நின்றவர்களில் சிலரை அது விலக்கியிருக்கிறது. அந்த மிச்சம் கூலியாகத் தறிக்குப் போகும்படி பார்த்துக்கொள்வது பக்கம் நடத்துகிறவரின் மனசாட்சியில் இருக்கிறது, போனில் இல்லை. 2019இல் அத்தி வரதர் நாற்பது வருஷத்துக்குப் பிறகு எழுந்தருளிய அந்த 48 நாட்களில் ஊருக்குள் ஒரு கோடிப் பேர் வந்தார்கள் என்றார்கள். அப்போது நான் பள்ளியில் இருந்தேன். காந்தி ரோடு கடைகளில் கூட்டம் நெரித்தது. எங்கள் தெருவில் யாருக்கும் கூலி கூடவில்லை. விற்பனை பெருகுவதும் நெய்கிறவர் வருமானம் பெருகுவதும் வேறு வேறு என்று அன்றைக்கே பார்த்தாயிற்று.

இந்த வருஷம் விடுமுறைக்கு அரக்குக் கரை, பச்சை உடல் என்று கோர்வைப் பாவு ஏற்றுகிறோம். விடுமுறைக்குள் இரண்டு புடவை அறுத்துவிடலாம். மூன்றாவதற்குச் சனி ஞாயிறுகளில் வந்து உட்காருவேன். படிப்பு முடிந்து வேலைக்குப் போனாலும் இதே கணக்குதான், அதற்குள் மறு கரைக்கு முழுக் கூலிக்கு ஓர் ஆளை அமர்த்தும் அளவு விற்பனை வந்துவிட வேண்டும் என்பது என் திட்டம். இரண்டு பாவுக்கு முன்கூட்டியே சொல்லிவைப்பவர்கள் இருந்தால் அது நடந்துவிடும்.

பட்டு வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறேன். கடையில் வாங்கினாலும் போனில் வாங்கினாலும் மூன்று கேள்வி கேளுங்கள்: யார் தறி, கோர்வையா இல்லையா, நெய்தவருக்குக் கூலி எவ்வளவு. பதில் தெரியாதவரிடம் காஞ்சிப் பட்டு விலை கொடுக்காதீர்கள். ஆவணி முகூர்த்தத்துக்குக் கோர்வைப் புடவை வேண்டுமென்றால் சித்திரையிலேயே சொல்லிவிடுங்கள்.